புளியங்கணவாயின் காட்டேரி

போன மாதம் தனலட்சுமி என்ற பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கிராமத்து நர்ஸ் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. செஞ்சிப் பக்கம் புளியங்கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு அவளை மாற்றியிருக்கிறார்கள். நான் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, காலி டம்ளரையே சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அந்தக் கணவாயில காட்டேரி இருக்குதாமே. உச்சி வெயில்ல வெள்ளைச் சேலை கட்டிக்கினு பாறை நடுவுல நிக்குமாம். எங்க வீட்டுக்காரரு டிரான்ஸ்பரை கேன்சல் பண்ணச் சொல்லி ஒரே பேஜாரு பண்றாரு. நெசமா சிஸ்டர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. தைரியமாப் போ" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு மனம் ஒரு நிலையில் இல்லை. நான் அந்த வழியில் நடப்பதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கதை இன்னும் அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

அந்தக் காட்டேரி நான்தான். இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. பயந்தவர்களை நினைத்துச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். சிரிப்பு வருவதில்லை. உடம்பு கூசுகிறது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

என் பெயர் சவரியம்மாள். விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த சேரியில் பிறந்தவள். அப்பா எஞ்சின்களுக்குக் கரி வாரிப் போடும் கூலி. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். சாமியார் ஒருவருடைய சிபாரிசில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை கற்றுக்கொள்ளப் போனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தரை துடைத்ததும், துணி அவித்ததும், நின்றுகொண்டே தூங்கியதும்தான் நினைவில் நிற்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அங்கே எல்லாமே டாக்டரம்மாதான். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் கை கழுவும்போதுதான் சொல்வார். தொட்டியடியில் நின்று முழங்கை வரை சோப்புத் தேய்த்து, பிரஷால் ஒவ்வொரு நகமாகச் சுரண்டிக்கொண்டே பேசுவார். முகத்தைத் திருப்ப மாட்டார். நாமும் பக்கத்தில் நின்று அதேபோலக் கழுவ வேண்டும். அவருக்கு முன்னால் நாம் கையை எடுத்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நம் கையையே பார்ப்பார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தத் தொட்டியடியில் சொன்னார்:

"குழந்தை வெளியே வந்ததும் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பாங்க. நீ தாயைப் பாரு. உன் கை அவ அடிவயித்து மேல இருக்கணும். கருப்பை உருண்டு கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் எடுக்காதே. யார் கூப்பிட்டாலும் எடுக்காதே."

யுத்தம் தொடங்கிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் செஞ்சிப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்த்து வரச் சொன்னார். எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு கறுப்புத் தோல் பை. பையில் எனாமல் பேசின், கத்திரிக்கோல், நூல், பஞ்சு, கிருமி கொல்லும் லைசால், ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கட் மருந்து, சோப்பு, நக பிரஷ். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு மாட்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். விடியற்காலையில் ஏறினாலும் மலையடிவாரத்தில் நான் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும்.

செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்மேல் மரம் நிற்கிற மலை அல்ல அது. யானை யானையாகப் பாறைகளைக் கொட்டி வைத்தது போல இருக்கும். புளியங்கணவாய் அப்படி இரண்டு பாறைக் குவியல்களுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை. பெயருக்கு ஏற்ற புளியமரம் எப்போதோ பட்டுப்போயிருந்தது. சீத்தாச் செடியும் ஆவாரையும்தான் உண்டு. உச்சி வேளையில் அந்தப் பக்கத்து ஆள் எவரும் அதில் கால் வைக்க மாட்டார். முனி நடமாடும் நேரம் என்பார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை சுமந்து வருகிறவர்கள்கூட வெயில் தாழும்வரை அடிவாரத்தில் படுத்திருப்பார்கள். நாம் கேட்காமலே அவர்கள் விவரம் சொல்வார்கள். பாறை இடுக்கிலிருந்து யாராவது மூன்று தரம் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. பொம்பளை ஒருத்தி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக் கூடாது, அரிவாள் முனையில் வைத்து நீட்ட வேண்டும். இரும்பு மட்டும் கூட இருக்க வேண்டும்.

எனக்கு வேறு நேரம் கிடையாது. சாயங்காலத்துக்குள் திரும்பிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் உச்சியிலேயே நடந்தேன்.

கணவாயிலிருந்து இறங்கியதும் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் சேரி. நான் வாராவாரம் போனது அங்கேதான். அங்கே குழந்தைகளுக்குக்கூட என்னைத் தெரியும். வலது பக்கம் தொட்டிக்குப்பம், நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடியானவர்களின் ஊர். அவர்கள் என்னைக் கூப்பிட்டதில்லை. அவர்களுடைய புன்செய்க் கொல்லைகளிலிருந்து பார்த்தால் கணவாயின் வாய் தெரியும். கொதிக்கிற பாறைமேல் கானல் ஆடும்போது தூரத்தில் நடந்து வருகிறவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சேலை மட்டும் மிதந்து வருவது போலத் தெரியும். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் முன்சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"புளியங்கணவாயில புச்சா ஒரு காட்டேரி வந்திருக்குதாம். காலு தரையில படாதாம். கையில ஒரு கறுப்புப் பை. பிள்ளைத்தாச்சிங்க வயித்துல கீறதை எடுத்து அதுல போட்டுக்கினு பூடுமாம். மூணு பேரு கண்ணால பாத்துக்கீறாங்க."

பை என் மடியில் இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் இறங்கும் வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் தொட்டியடியில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிரஷ் கையிலிருந்து நழுவிவிட்டது.

"இருக்கட்டும் விடு. தனியாப் போற பொண்ணுக்கு இதைவிட நல்ல காவல் ஏது."

அதிலும் உண்மை இருந்தது. முன்பெல்லாம் அடிவாரத்தில் சில ஆண்கள் பின்தொடர்வார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அந்தக் கதை பரவிய பிறகு ஒருவரும் இல்லை. நான் கண்ணில் பட்டால் ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். பயமில்லாமல் நடந்தேன். நம்மைக் கண்டு மனிதர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அது பங்குனி மாதம். கணவாயின் நடுவே, இரண்டு பெரிய பாறைகளுக்கு இடையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஓர் ஆள் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். இடுப்பில் அரிவாள், தலையில் துண்டு. அந்த நேரத்தில் ஒருவர் அந்த வழியில் வருவதே அதிசயம். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு பாதையை விட்டுப் பாறைகள்மேல் தாவினார்.

"ஐயா," என்று கூப்பிட்டேன். "ஐயா, வுழுந்துடப் போறீங்க. ஐயா."

மூன்று தரம் கூப்பிட்டுவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் இன்னும் வேகமாகத் தாவினார். கால் வழுக்கிப் பாறை இடுக்கில் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஏறிப் போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு அரிவாளை என் பக்கம் நீட்டியிருந்தார்.

"கிட்ட வராதே தாயே. இரும்பு வச்சிருக்கேன்."

"எங்கிட்டயும் இரும்பு இருக்குதுங்க," என்று சொல்லிப் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் காட்டினேன். இரும்பைத் தொடுகிறவள் பேயாக இருக்க முடியாது என்று அவருக்குப் புரியும் என நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் இன்னும் வெளுத்தது.

"நீ இரும்புக்கும் அஞ்ச மாட்டியா தாயே."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கணுக்காலுக்கு மேலே முறிந்திருந்தது. சீத்தாக் குச்சிகளை வெட்டி, பஞ்சு வைத்து, அவர் துண்டைக் கிழித்துக் கட்டினேன். காலை என் மடியில்தான் வைத்திருந்தேன். அவர் தடுக்கவில்லை. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் முடிச்சுப் போடும்போது அழத் தொடங்கினார்.

"என்னை எடுத்துக்கோ தாயே. அஞ்சலையை வுட்டுடு. காலையிலதான் பொட்டப்புள்ள பொறந்துச்சு. புள்ள மொகத்தைக்கூட அவ சரியாப் பாக்கல."

"அஞ்சலை யாருங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நீதானே அவ ரத்தத்தைக் குடிச்சிக்கினு இருக்கற."

என் கை நின்றது.

"ரத்தம் போவுதா? நிக்காமப் போவுதா?"

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"நஞ்சுக்கொடி வெளிய வந்துச்சா, இல்ல உள்ளயே நின்னுடுச்சா?"

"உனக்கே எல்லாம் தெரியுதே தாயே," என்றார்.

நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு நான் காட்டேரிதான் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தது. எனக்கோ அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை என்று சொல்லியது.

"நான் நர்ஸுங்க. திண்டிவனம் ஆஸ்பத்திரியில வேலை. நீங்க யாரைக் கூப்பிடப் போய்க்கினு இருந்தீங்க?"

"செஞ்சி டாக்டரை."

"செஞ்சி போய் வர்றதுக்குள்ள அவங்க உயிரு இருக்காது. நான் பாக்கறேன். வூடு எதுன்னு சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன். சேலை பாதத்தை மூடியிருந்தது.

"எழுந்து நில்லு. காலைக் காட்டு."

எழுந்து நின்றேன். பாதம் தெரிந்தது. பாறையின் நிழல் விழுந்திருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "இன்னும்" என்றார். சேலையை இரண்டு கையாலும் பிடித்துக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். "இன்னும்" என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் பயம்தான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் நடு வெயிலில், முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு முன்னால், முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பாதம் தரையில்தான் இருக்கிறது என்று காட்ட ஒரு காலை எடுத்து வைத்தேன். பிறகு மறு காலை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

பேய்க்கு அழத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் உடம்பு நடுக்கம் நின்றது.

"பொம்பளைதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிதாக மூச்சு விட்டார். என் மடியில் மறுபடியும் காலை வைக்க விட்டார். கட்டின் கடைசி முடிச்சு பாக்கி இருந்தது. அப்போதுதான் கேட்டார்:

"எந்த ஊரு உனக்கு?"

"விழுப்புரங்க."

"விழுப்புரத்துல எங்க?"

"ரயிலடிக்குப் பின்னாடிங்க."

அதுவே போதுமாயிருந்தது. "வேதக்காரங்களா?" என்றார், கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "ஆமாங்க" என்றேன். மடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். முறிந்த கால், வலியில் பல்லைக் கடித்தார். இழுத்துக்கொண்டு பாறையோடு ஒட்டி உட்கார்ந்தார். காட்டேரியாக இருந்தவரை நான் தொடலாம். மனுஷி என்று தெரிந்த பிறகு கூடாது.

நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுக்கு அவர் சொல்லி அனுப்பாமல் நான் போனால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கிறார் என்பதும், எதை எதோடு எடை போடுகிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. என்னால் ஒருவருக்கு இப்படி ஒரு சங்கடம் வந்துவிட்டதே என்று, தப்பு செய்தவள் போல நின்றேன். இப்போதும் என்னை உறுத்துவது அந்த நிலைதான்.

"தொட்டிக்குப்பத்துல பெரிய வேப்பமரத்து வூடு," என்றார் கடைசியில். "தெருப் பக்கமா போவாதே. தோட்டத்துப் பக்கம் மாட்டுக்கொட்டாய் வழியாப் போ. எங்கம்மாகிட்ட ஏழுமலை அனுப்பிச்சாருன்னு சொல்லு. யாரு என்னான்னு கேட்டா சொல்லாதே. ஜல்தியாப் போ."

முதலில் தாயே என்றவர். அதை நான் கவனிக்காமல் இல்லை.

ஓடினேன். வேப்பமரத்து வீட்டின் தோட்டப் படலைத் திறந்தபோது கொட்டாய் வாசலில் ஏழுமலையின் தாய் கிளியம்மா உட்கார்ந்திருந்தார். தலை விரிந்து, கையெல்லாம் ரத்தம். உச்சி வெயிலில் வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையுமாக நான் வருவதைப் பார்த்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் தரையில் விழுந்துவிட்டார்.

"எடுத்துக்கினது போதும் தாயே. மிச்சத்தை வுட்டுடு தாயே."

உள்ளே இருந்த ஊர் மருத்துவச்சி என்னைப் பார்த்ததும் சுவரோரமாக நழுவி வெளியே ஓடிவிட்டாள். நான் மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மறுத்தால் அடுத்த கேள்வி வரும். அதற்கு உண்மையைச் சொன்னால் கதவு மூடும்.

"வெந்நீர் கொண்டா," என்றேன். "சுத்தமான துணி கொண்டா. யாரும் உள்ள வராதே."

கிளியம்மா எழுந்து ஓடினார். என் வாழ்நாளில் என் சொல்லுக்கு யாரும் அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

மாட்டுக்கொட்டாயின் ஒரு மூலையைத் தடுத்து வைக்கோல்மேல் அஞ்சலையைப் படுக்க வைத்திருந்தார்கள். பதினெட்டு வயது இருக்கும். நஞ்சு வருவதற்காக வாயில் அவள் முடியையே திணித்து ஓங்கரிக்க வைத்திருந்தார்கள். முதலில் அதை எடுத்தேன். உதடு வெளுத்திருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. வைக்கோல் நனைந்திருந்தது. கை கழுவினேன், அந்த அவசரத்திலும் டாக்டரம்மா பக்கத்தில் நிற்பது போலத்தான் கழுவினேன். சிறுநீரைக் கழிக்க வைத்தேன். எர்கட் மருந்தை வாயில் ஊற்றினேன். குழந்தையை மார்பில் போட்டுச் சப்ப வைத்தேன். பிறகு அடிவயிற்றில் கை வைத்தேன். கருப்பை பிசைந்த மாவு போலத் தளர்ந்து கிடந்தது. உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். மெல்ல உருளத் தொடங்கியது. உருண்டு இறுகிய நேரத்தில் பிடித்து அழுத்தினேன். நஞ்சு முழுதாக வந்து விழுந்தது. பேசினில் விரித்து ஒரு துண்டும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். ஆனால் கையை லேசாக எடுத்தால் கருப்பை மறுபடி தளர்ந்தது, ரத்தம் மறுபடி வந்தது. எடுக்காதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து அஞ்சலை கண்ணைத் திறந்தாள். என் நெற்றியிலிருந்து வேர்வை அவள் வயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"நீங்க மனுசிதானே," என்றாள், காற்று மாதிரி.

"ஆமாம்மா. நர்ஸு."

படலுக்கு வெளியே மாமியார் முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருப்பது கேட்டது. அஞ்சலை அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா கையை எடுக்கச் சொல்லுவாங்க."

நான் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு வெள்ளைச் சேலைக்காரி தோட்டத்து வழியாக ஏன் வர வேண்டும் என்று அவளால் ஊகிக்க முடியாதா.

வெயில் தாழ்ந்தபோது கருப்பை என் கைக்குக் கீழே கல்லாக இருந்தது. ரத்தம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் ஏழுமலையைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொல்லை வேலைக்குப் போனவர்கள் வழியில் பார்த்திருக்கிறார்கள். கிளியம்மா மகனிடம் ஓடினார்.

"காட்டேரியே வந்து வுட்டுட்டுப் போவுதுடா. நம்ம தொட்டிலை வாழ வச்சிட்டுதுடா."

ஏழுமலை என்னைப் பார்த்தார். என் சேலை முழுக்க ரத்தம். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஆமா," என்றார். "என்னையும் அதுதான் வுட்டுச்சு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொட்டியில் கை கழுவிவிட்டுப் படலைத் திறந்துகொண்டு வெளியே போனேன். யாரும் பின்னால் வரவில்லை. சேரியில் ஒரு வீட்டில் தங்கி, சேலையைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு மறுநாள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலையைத் தூக்கிக் காலைக் காட்டியதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். நஞ்சு முழுதாக இருந்ததா, நாடி எப்போது திரும்பியது, எர்கட் எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். பிறகு வெகுநேரம் நகத்தையே சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு நீ தலை குனியறே?"

"தெரியலைங்க."

அவர் பிரஷை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தொட்டியடியில் அவர் முகத்தைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார். அவர் கை கழுவி முடிக்கவில்லை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

நான் கணவாய் வழியாகப் போவதை நிறுத்தவில்லை. சேரியில் என்னை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அதே இரண்டு பாறைகளுக்கு நடுவே பொங்கல் வைத்திருந்தார்கள். ஏழுமலை குடும்பம், உறவுக்காரர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம். ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதற்குப் புது வெள்ளைச் சேலை சாத்தியிருந்தார்கள். பாதை அடைபட்டிருந்தது. நான் தூரத்திலேயே நின்றேன். அன்று சேலைமேல் ஒரு பழுப்புச் சால்வை போர்த்தியிருந்தேன். சேரிக்குப் போகிற நர்ஸ் என்று யாரோ சொன்னார்கள்.

"அப்பால நில்லும்மா. காட்டேரியம்மாவுக்குப் படைக்கிறோம்," என்றார் கிளியம்மா.

அன்று தன் கொட்டாயில் என் காலில் விழுந்தவர். என் முகம் அவருக்குத் தெரியவே இல்லை. ஏழுமலை காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது. கற்பூரம் அணையும் வரை கல்லைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

படையல் முடிந்து எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். அஞ்சலை மட்டும் பிள்ளைக்குப் பால் கொடுப்பது போலப் பின்தங்கினாள். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"இவ பேரு வெள்ளையம்மா," என்றாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துப் பயப்படவில்லை.

"அந்தச் சேலையை நாங்க எறங்கின பொறவு நீங்க எடுத்துக்கங்க. வெயில்ல கெடந்து வீணாப் பூடும். நான்தான் நூலு பாத்து எடுத்தேன். உங்களுக்குன்னுதான் எடுத்தேன்."

"எனக்கு எதுக்கும்மா. வேணாம்."

"கையில குடுக்க முடியலியே," என்றாள். மாமியார் கூப்பிடும் குரல் கேட்டதும் நடந்துவிட்டாள்.

அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எடுக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். கல்லுக்குப் போட்டதை எடுத்து உடுத்துகிற அளவுக்கா போய்விட்டோம் என்று இருந்தது. ஆனால் அது யுத்த காலம். துணிக்கு வரிசையில் நின்றும் கிடைக்காத காலம். என்னிடம் இருந்த இரண்டில் ஒன்று ரத்தக் கறை போகாமல் கிழிந்துபோயிருந்தது. இன்னொன்றைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரு தரம் பார்த்தேன். கல்லிலிருந்து சேலையை உருவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மஞ்சள் பட்ட இடம் இரண்டு சலவையில் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் விக்கிரவாண்டிச் சந்தைக்குப் போகிற ஓர் அம்மாள், காலடியில் மல்லாட்டைக் கூடை. தொட்டிக்குப்பத்தில் அவருக்கு உறவு இருக்கிறதாம். காட்டேரிக்குச் சாத்திய சேலை மறுநாள் கல்மேல் இல்லையாம். அது வாங்கிக்கொண்டுவிட்டதாம். இனிமேல் வருஷா வருஷம் சாத்தப் போகிறார்களாம். எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தார். பிறகு என் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"உங்க சேலையும் நல்ல நூலுதான். இந்தக் காலத்துல எங்க கெடைச்சுது உங்களுக்கு?"

"குடுத்தாங்க," என்றேன்.

"யாரு?"

மேட்டில் பஸ் முனகிக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று கண்டக்டர் கத்தினார். பொம்பளைங்க உக்காந்துக்கலாம் என்றார். நான் முதல் ஆளாக இறங்கினேன்.